இடப்பக்கம் இறுகும் நட்டு

ஜூன் 3, செவ்வாய், காலை 6.40

அக்காவுக்கு,

அம்மா போய் இன்றோடு இருபது நாள். இந்த இருபது நாளில் உனக்கு முப்பத்தொரு தடவை போன் செய்தேன். ஒரு தடவைகூட நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலம் என்று நீ எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 27, வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு விசாரணை. அன்று அம்மாவின் காரை ஓட்டிய பெண்மணி மீது, கவனக்குறைவால் உயிர்போகக் காரணமானதாக வழக்கு. பார்சல் அலுவலகத்தில் மூட்டை பிரிக்கிற வேலை அவருக்கு. வயது நாற்பத்தாறு. நான்கு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். மே 14 காலை 7.20க்கு, கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கும் பயிற்சி. பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கியரை நடுவில் தள்ளி மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறார். வண்டி பின்னால் நகர்ந்ததும் பயந்துபோய் இரண்டு காலையும் தூக்கிவிட்டார். முப்பத்தெட்டு மீட்டர் உருண்டு, திரும்பி, சரக்கு மேடையின் கான்கிரீட் மூலையில் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் போய் மோதியது. அந்தம்மாவுக்கு இடது கையில் எலும்பு முறிவு. அம்மாவுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

பள்ளியின் பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன். அம்மாவிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் 1,136 பேர். அந்த 1,136 பேரில் ஒருவர்கூட அவள் மேல் ஒரு கீறல் போடவில்லை. இந்தம்மா 1,137ஆவது ஆள்.

மில்லில் பஞ்சுப் பொதி லிஃப்ட் அறுந்து விழுந்து அம்மாவின் முதுகெலும்பு முறிந்தபோது, டாக்டர் அவளுக்கு ஐந்து வருஷம் கொடுத்தார். அவள் இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஒரு ஓட்டுநர் பள்ளியையே நடத்தினாள். அதையெல்லாம் ஒரு ஆள் ஏழெட்டு விநாடியில் முடித்துவைத்திருக்கிறார். இதை நான் விடப்போவதில்லை.

அரசு வக்கீல் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வண்டி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது, அம்மா கவனமானவள் என்று பிள்ளைகள் இருவரும் கையெழுத்திட்ட வாக்குமூலம். வண்டிப் பரிசோதகர் ஏற்கெனவே 'இயந்திர நிலை திருப்தி' என்று எழுதிவிட்டார். படிவம் இத்துடன் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

அடக்கத்துக்கு நீ வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

தம்பி


ஜூன் 8, ஞாயிறு

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். கூடப்பிறந்தவளுக்குப் பதிவுத் தபால் அனுப்பும் ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

போன் எடுக்காததற்குக் காரணம் சொல்கிறேன், நம்பினால் நம்பு. பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து எடுத்து என் கை கெட்டுப்போயிருக்கிறது. போனைக் காதில் வைத்ததும் பென்சில் தானாக ஓடுகிறது. பல் டாக்டர் வரச்சொன்ன நேரமானாலும் சரி, என் மாமியாரின் புலம்பலானாலும் சரி. அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னிக்கு நான் பேசினதுல எத்தனை பக்கம் தேறுச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள். இப்போது உன் குரலை எழுதிவைக்க எனக்குத் தைரியமில்லை. எழுதினால் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுத்தேன். விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஏன் என்று இதில் எழுதமாட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன்.

கோபப்படாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து படி. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாள் உனக்கு நினைவிருக்காது. உனக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. ஏழு மாதம் கழித்து வந்தவள், வந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? தண்ணீர் கேட்கவில்லை, உன்னைத் தூக்கித் தரச் சொல்லவும் இல்லை. சாக்கட்டி கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டிய மட்டும் உயர்த்தி, கூடம், சமையலறை, குளியலறை என்று வீட்டுச் சுவர் முழுக்க ஒரு கோடு இழுத்தாள். என்னைச் சக்கரத்தைத் தள்ளச் சொல்லிவிட்டு அவள் கையை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தாள். முடித்ததும் அப்பாவிடம், "கோட்டுக்கு மேல இருக்கிறதெல்லாம் உங்க ராஜ்ஜியம். கீழ இருக்கிறது எனக்கு. எனக்கு வேண்டியது எதுவும் மேல இருக்கக்கூடாது" என்றாள். ஒரே வாரத்தில் தீப்பெட்டியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி வரை எல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. அப்பாதான் மேலேயே நின்றுவிட்டார். அடுத்த வருஷம் வேலை தேடிப் போனவர், பாவம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிறகு அந்தப் பழைய கார். வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்து எல்லாவற்றையும் கையால் இயக்குகிற மாதிரி மாற்றச் சொன்னாள். முதல் நாளே மின்கம்பத்தில் முட்டினாள். இறங்கிப் பார்க்க முடியாதே, கண்ணாடியை இறக்கி, தெருவில் போனவரிடம், "கம்பத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். பள்ளி தொடங்கியபோது மற்ற பள்ளிக்காரர்களிடம் போய், "உங்களால முடியாதுன்னு நீங்க திருப்பி அனுப்புற ஆளுங்களை எனக்கு அனுப்புங்க" என்றாள். பயந்தவர்கள், வயதானவர்கள், மூன்று தடவை தோற்றவர்கள், இவர்கள்தான் உன் 1,136 பேரும். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் லீவரில் கை வைத்திருப்பாள். அவர்கள் பயந்து காலைத் தூக்கினால் அவள் லீவரை இழுப்பாள். எல்லோரும் தூக்கியிருக்கிறார்கள். நான் தூக்கியிருக்கிறேன். நீயும்தான். உன் பதினெட்டாவது வயதில் ஒரு எருமையைப் பார்த்து.

நீச்சல் குளத்தில் தன்னைத் தூக்கிப் போடச்சொல்லி அந்தப் பயிற்சியாளரை அழவைத்ததை எழுதட்டுமா? ஞாயிறு தோறும் சீட்டாட வந்த கடிகாரக் கடைக்காரரைப் பற்றி? நீ அவரை மாமா என்று கூப்பிட்டாய். அவர் வெறும் சீட்டாடத்தான் வந்தார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். உன்னைப் போன்றவர்கள் இருப்பதால்தான் உலகத்தில் சிலர் நிம்மதியாக வாழ முடிகிறது.

அந்தப் பெண்ணை விட்டுவிடு. அம்மாவிடம் கற்க வந்தவள் அவள். பயந்தாள், காலைத் தூக்கினாள். அதற்குமேல் கிண்டாதே. உனக்கு நல்லதல்ல. எனக்கும்.

அக்கா


ஜூன் 13, வெள்ளி, காலை 11.05

அக்காவுக்கு,

கிண்டாதே என்று எழுதிவிட்டால் கிண்டாமல் விடுகிற ஆளா நான்? என்னோடு எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தாய்?

நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். வேலைக்கு மூன்று வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். நேற்று காவல் நிலைய வளாகத்தில் அனுமதி வாங்கி வண்டிக்கு அடியில் ஐம்பது நிமிடம் படுத்திருந்தேன். பரிசோதகர் கால்பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு 'திருப்தி' என்று எழுதியிருக்கிறார். அம்மா பக்கத்து லீவர் என்ன வேலை செய்கிறது என்பதே அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

உனக்கும் தெரியாது, எழுதுகிறேன். படிப்பு முடித்த வருஷம் வெல்டிங்காரர் வைத்ததைக் கழற்றிவிட்டுப் புது லீவர் நான்தான் வைத்தேன். நடுவில் இருந்த கைப்பிரேக்கையும் எடுத்துவிட்டு அந்தக் கம்பியையும் இதோடு சேர்த்தேன். ஒரே இழுப்பில் நாலு சக்கரமும் நிற்கும். லீவரையும் கம்பியையும் ஒரு ஆணி இணைக்கிறது. ஆணி நழுவாமல் இருக்க அதன் முனையில் ஒரு நட்டு. அந்த நட்டு இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். தெருவோர மெக்கானிக் எவனும் கை வைக்கக்கூடாது, பழுது வந்தால் என்னிடம்தான் வர வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கடைந்தேன். கடையில் கிடைக்காது. ஆணியின் நுனியில் முத்திரைக் கம்பி கட்ட ஊசித்துளை அளவுக்கு ஒரு சின்னத் துளையும் விட்டிருந்தேன்.

அந்த நட்டு இல்லை. லீவர் கம்பியிலிருந்து கழன்று தனியாகத் தொங்குகிறது. ஆணி இருக்கைக்கு அடியில் கிடந்தது. அதன் சின்னத் துளையில் ஒரு கொண்டை ஊசி, பாதி நிமிர்ந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தலைமுடியை ஒட்ட வெட்டி இருபது வருஷம் ஆகிறது. கொண்டை ஊசி அவளுடையது அல்ல. அப்படியானால் வேறு யாருடையது? நேராகப் பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். அந்தம்மா கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஒற்றைக் கையால் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். தலையில் அதே மாதிரி ஊசி, ஒரு பக்கம் மட்டும். அத்தனை பேர் முன்னால் வைத்துக் கேட்டேன்.

"லீவர்ல ஏன் கை வச்சீங்க? என்ன கழட்டினீங்க?"

"நான் எதையும் கழட்டல தம்பி."

"அப்ப உங்க ஊசி அங்க எப்படிப் போச்சு?"

"சொல்லமாட்டேன்னு உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கா?"

"குடுக்கும்போது உயிரோடதான் இருந்தாங்க" என்றார். அடுத்த மூட்டையை இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார். மேலாளர் வந்து என்னை வெளியே அனுப்பினார். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் ரவுடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நீ ஏதோ தெரிந்துகொண்டு மறைக்கிறாய். பாதி வரிசையில் திரும்பி வந்தாயாம். நான் கணக்குப் போடத் தெரியாதவன் அல்ல. மே 13 மாலை ஆறு பத்துக்கு அம்மாவின் போனிலிருந்து உனக்கு அழைப்பு போயிருக்கிறது. இருபத்தாறு நிமிடம். அவள் கடைசியாகப் பேசிய போன் அதுதான். உன் கை எழுதியிருக்கும். அந்தப் பக்கங்கள் எனக்கு வேண்டும்.

நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதை அனுதாபத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

மே 10 அன்று அவள் எனக்கும் போன் செய்தாள். அதைப் பற்றி நீ கேட்காதே.

தம்பி


ஜூன் 17, செவ்வாய்

டேய்,

எழுதியிருக்கிறேன். இதோ. சுருக்கெழுத்தை விரித்து எழுதும்போது ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கோர்ட்டில் எப்படிக் கொடுப்பேனோ அப்படி.

அம்மா: எழுதுறியா?
நான்: இல்ல.
அம்மா: பென்சில் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.
நான்: சொல்லும்மா. தோள்பட்டை வலி எப்படி இருக்கு?
அம்மா: அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன். நாளைக்குக் காலைல பார்சல்காரிக்கு ஏத்தம் பழக்கணும். நாளன்னிக்கு டெஸ்ட். அஞ்சாவது தடவை. இதுலயும் தோத்தா வேன் ஓட்டுற வேலை வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் மூட்டைதான்.
நான்: ரோட்டுல போறவங்களை நினைச்சியா?
அம்மா: அவளுக்குக் கை நல்லா இருக்கு. கால்தான் பயப்படுது. எனக்கு அப்படியே நேர்மாறு. என் காலுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது.
(சிரிப்பு, இருவரும்)
அம்மா: இன்னொண்ணு. லீவர்ல இருந்த நட்டு எங்கேயோ விழுந்துடுச்சு.
நான்: கடையில வாங்கிக்கோயேன்.
அம்மா: கடைக்காரன் பார்த்துட்டுச் சிரிக்கிறான். உன் தம்பி வீட்டுக்குப் பூட்டு போட்ட மாதிரி நட்டு போட்டிருக்கான். இடப்பக்கம் திருகினாத்தான் இறுகுமாம். அவனை மாதிரியே.
நான்: அவன்கிட்ட கேளு.
அம்மா: கேட்டேன்.
நான்: என்ன சொன்னான்?
அம்மா: (பதில் இல்லை) வேலை அதிகமாம் அவனுக்கு. அனுப்புவான்.
நான்: அது வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காத.
அம்மா: ரெண்டே நாள். டெஸ்ட் முடிஞ்சதும் ஓரமா நிறுத்திடுறேன். கம்பி கிம்பி எதையாவது வச்சு ஒப்பேத்திக்கிறேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து சாவியைப் பிடுங்கிட்டுப் போயிடுவான்.
நான்: சரி. நீயாச்சு, உன் பிள்ளையாச்சு.
அம்மா: இத எழுதாத.
நான்: எழுதிட்டேன்.
அம்மா: சரி, எத்தனை பக்கம் தேறுச்சு?

அதற்குப் பிறகு இருந்தது நான் வாங்கிய திரைச்சீலையைப் பற்றி. அது உனக்கு வேண்டாம்.

விமான நிலையத்தில் ஏன் திரும்பினேன் என்று இப்போது புரிந்திருக்கும். எனக்குத் தெரியும், தம்பி. நீ சவப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, எப்படி நடந்துச்சு?" என்று கேட்டிருப்பாய். நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு நிமிடத்தில் ஒரே ஒரு நிமிடம் உனக்குப் போன் போட்டிருந்தால் போதும். நான் திரைச்சீலையை மாட்டப் போனேன். 'நீயாச்சு, உன் பிள்ளையாச்சு.' என் கையெழுத்தில் இருக்கிறது. அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

நீ என்ன சொன்னாய் என்று அவள் சொல்லவில்லை. பதில் வர நேரமானதை மட்டும் என் கை குறித்திருக்கிறது. நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இதைக் கோர்ட்டில் சொல்லாதே. அம்மா பழுதான பிரேக்கோடு ஒருத்தியை ஏற்றத்துக்குக் கூட்டிப்போனாள் என்று பதிவாகிவிடும். அந்த வரியை ஒருவர் எழுதி, இன்னொருவர் தட்டச்சு செய்து, பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போவார். எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் ஒரே வரியில் போய்விடும். 'நொண்டிப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று அன்று சொன்ன அத்தனை பேரும் மறுபடி சொல்வார்கள். அந்தப் பெண்ணும் சிறைக்குப் போகக்கூடாது. அம்மாவின் பெயரும் கெடக்கூடாது. ஏதாவது வழி பண்ணு. நீதானே எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடிக்கிறவன்.

அக்கா


ஜூன் 22, ஞாயிறு, மாலை 4.15

அக்காவுக்கு,

வழி இல்லை. இரண்டு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். அந்தம்மாவைக் காப்பாற்றினால் லீவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லீவரைப் பற்றிச் சொன்னால் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும். ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியாதபடி எல்லாம் ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன.

மே 10, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால். நீ கேட்காமலே எழுதுகிறேன்.

"டேய் இன்ஜினியர், அந்த நட்டு ஒண்ணு அனுப்புடா" என்றாள்.

இல்லை என்றேன். "லீவருக்கு நான் குடுத்த ஆறு மாசச் சான்றிதழ் இந்த மாசம் இருபத்தஞ்சோட முடியுது. இனிமே கையெழுத்துப் போடமாட்டேன். நட்டும் கிடையாது. பள்ளியை மூடிட்டு என்கூட வந்து இரு" என்றேன். ஏப்ரலில் அவள் முதுகில் வந்த புண்ணைப் பார்த்தாயா நீ? உள்ளங்கை அகலம். அவளுக்கு வலி தெரியாது, எனக்குத் தெரிந்தது. தோள்பட்டை தேய்ந்துபோய் கரண்டியைக்கூட இரண்டு கையால் பிடித்தாள். சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. நட்டு இல்லாவிட்டால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அவள் வருவாள் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டு வாசலில் சரிவுப் பாதை கட்டி, கைப்பிடி எல்லாம் வைத்துவிட்டேன்.

"சரிவுப் பாதை போட்டிருக்க, சரி. அதுல இறங்கிப் போறதுக்கு எனக்கு ஒரு இடம் போட்டிருக்கியா?" என்றாள்.

"இப்படியே போனா நீ சாவம்மா" என்றேன்.

"எல்லாரும்தாண்டா. சரி, பேசி முடிச்சிட்டியா? நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த அம்மா வண்டியை நிறுத்துகிற ஆள் இல்லை. நான்கு வயதிலிருந்து பார்க்கிறேன். அப்படியும் அந்தக் கணக்கைப் போட்டேன். உன்னிடம் அவள் 'வேலை அதிகமாம் அவனுக்கு' என்று சொன்னதைப் படித்தபோது கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. நான் நேரம் பார்க்காத முதல் நாள் அது.

அந்த நட்டு என் வீட்டு அலமாரியில் ஏழு இருந்தது. இப்போதும் ஏழு இருக்கிறது. மேல் தட்டில், டப்பாவில். தரையில் உட்கார்ந்துகொண்டுதான் இங்கே சுவரில் அந்தச் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன். மங்கிப் போயிருக்கிறது, ஆனால் இருக்கிறது. அளந்தேன், நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர். எனக்கு வேண்டியது எதுவும் மேலே இருக்கக்கூடாது என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டிய ஒன்றை நான் மேலே வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடி பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். அந்தம்மா டீத் தம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார், ஒற்றைக் கையில் இரண்டு தம்ளர். நான் அவரை அத்தனை பேர் முன்னால் கேட்ட கேள்விக்குப் பிறகு.

"எல்லாம் தெரிஞ்சிடுச்சு. நட்டு குடுக்காதவன் நான்தான். இனி நீங்க சொல்லலாம்" என்றேன்.

தம்ளரைக் கீழே வைத்தார். "ஏத்தத்துக்குக் கீழ வண்டிய நிறுத்தினப்போ, அவங்க வச்சிருந்த கம்பித்துண்டு விழுந்துடுச்சு தம்பி. 'உன் தலையில என்ன வச்சிருக்க?'ன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். என்னைக் கீழ குனியச் சொல்லி அந்த ஓட்டையில மாட்டச் சொன்னாங்க. என் கையாலதான் மாட்டினேன். 'இன்னிக்கு ஒரு நாள் தாங்கும். என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாத, மனசு கஷ்டப்படுவான்'னாங்க."

"சாவியைப் பிடுங்கிடுவான்னு சொல்லலையா?"

"இல்லியே. மனசு கஷ்டப்படுவான்னுதான் சொன்னாங்க."

"போலீஸ்ல ஏன் இதைச் சொல்லல நீங்க?"

"என்னன்னு சொல்றது? என் ஊசிதானே."

அக்கா, இந்தம்மா ஐந்து வாரமாக, தன் கொண்டை ஊசி அம்மாவைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறார். அது ஊசியின் குற்றமல்ல, எந்த ஊசியும் அந்த இழுப்பைத் தாங்காது என்று மண்ணில் படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை.

கடைசியில் அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வண்டி பின்னால போக ஆரம்பிச்சதும், 'பயப்படாத, நான் பிடிச்சுக்கிறேன்'னாங்க. இழுத்தாங்க. லீவர் சும்மா கையோட வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டு 'அட'ன்னாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் தம்பி. 'அட'."

அந்த 'அட' எனக்குத் தெரியும். மின்கம்பத்தில் முட்டும்போது சொல்லியிருப்பாள். நான் பத்தாவதில் கணக்கில் தோற்றபோது சொன்னாள். என் காதில் அது நிற்கவே இல்லை. பல் துலக்கும்போதும் கேட்கிறது.

நீ சொன்ன பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைச் சுவரில் மாட்டுகிற படமாக்க எனக்கு விருப்பமில்லை. அவள் பிடிவாதக்காரி. ஒருத்தியைப் பாஸ் பண்ண வைப்பதற்காகச் செய்யக்கூடாததைச் செய்தாள். காலிருந்து, நடந்து, அதே தப்பைச் செய்கிற ஆயிரம் பேரைப் போல அவளும் ஒரு தப்பு செய்தாள். அதை ஒளித்தால், நாற்காலியில் இருந்தவளுக்குத் தப்பு செய்யக்கூட உரிமை இல்லை என்று நாமே சொன்னது போல ஆகிவிடும். நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. அதற்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று அரசு வக்கீலிடம் கேட்டேன். என் பொறியாளர் உரிமம் போகலாம் என்றார், மேலும் ஏதாவது ஆகலாம் என்றார். 'அம்மாவே போயாச்சு, இதை ஏன் கிளறுறீங்க' என்றும் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த படிவப் பிரதியை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நட்டை அனுப்பியிருந்தால் அவள் இன்று காலை யாரையோ திட்டிக்கொண்டே தெருவைச் சுற்றியிருப்பாள். புண் ஆறாமலே, தோள் தேய்ந்தே, அவள் இஷ்டப்படி. அந்த வாழ்க்கையைத்தான் நான் பத்திரப்படுத்தப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் இந்த எண்ணம் கழலவில்லை.

இனி செய்யப்போவது:

1. 25ஆம் தேதி என் ஊருக்குப் போய் அந்த டப்பாவை எடுத்து வருவேன்.

2. 27ஆம் தேதி பத்தரைக்கு, ஆணி, கொண்டை ஊசி, ஒரு நட்டு மூன்றையும் மேசைமேல் வைப்பேன். எது எதில் பொருந்தும், எது பொருந்தாது என்று காட்டுவேன். காலைத் தூக்குவது பயந்தவர்களின் இயல்பு, அதற்காகத்தான் அந்த லீவர், அதைத் தாங்கும் பொறுப்பு என்னுடையது என்று சொல்வேன்.

3. மே 10 பேச்சை முழுதும் சொல்வேன். 'சாவம்மா' என்றதையும் சேர்த்து.

4. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொல்வேன். உன் பக்கங்களைக் கொடுப்பேன். சிரிப்பு வருகிற இடத்தை அடிக்காமல்.

5. அந்தம்மாவின் கட்டு பிரித்ததும், எழுத முடியாமல் போன ஐந்தாவது தேர்வுக்கு மறுபடி பதிவு செய்வேன். பக்கத்து இருக்கையில் நான் உட்காருவேன். சாதாரண வண்டி, கடையில் கிடைக்கிற நட்டு.

6. வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்கச் சொல்கிறார். கோட்டுக்கு மேலே மட்டும் அடிப்பேன்.

7. 26ஆம் தேதி மாலை ஆறு பத்துக்கு உனக்குப் போன் செய்வேன். மறுநாள் சொல்லப்போவதை ஒருமுறை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும், எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. எடு. உன் கை எழுதட்டும்.

தம்பி